ஏற்காடு வளைவுகளில் எஃப்.எம். ஏன் விட்டுவிட்டுக் கேட்கிறது?

ஒரு வானொலி நிலையம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் விசாரிப்பது எத்தனை கிலோவாட் என்பதைத்தான். எஃப்.எம்.மைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் நிற்கிறது?

எஃப்.எம். ஒலிபரப்பு நடப்பது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போலவே நேர்க்கோட்டில் போகும், பூமியின் வளைவுக்கு அப்பால் இருப்பவருக்குப் பெரும்பாலும் எட்டாது. காற்று இந்த அலையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைவிட சுமார் 15 சதவீதம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். கணக்கு எளிது: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைத்துவிடும். சேலம் ஊருக்குள் 100 மீட்டர் கோபுரம் கட்டினால் 41 கிலோமீட்டர், அதாவது சங்ககிரியோடு கிட்டத்தட்ட சரி. அதே ஆன்டெனாவை ஏற்காட்டில் வைத்தால்? ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், சேலம் 280 மீட்டர் சொச்சம். சமவெளிக்கு மேல் 1,200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 140 கிலோமீட்டரைத் தாண்டுகிறது! கோபுரத்தின் அடியில் எத்தனை கிலோவாட்டைக் கொட்டினாலும் இந்த லாபம் கிடைக்காது. ஏற்காட்டில் தூர்தர்ஷன் கோபுரம் நிற்பதும், கொடைக்கானலில் இருந்து 100.5ல் பேசும் வானொலியை எங்கெங்கோ கேட்க முடிவதும் இதனால்தான்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்றால் சேலம் மொத்தமும் காலடியில் தெரியும், வானம் வெளுத்திருந்தால் மேட்டூர் அணையும் தெரியும். அங்கே வைத்த ஆன்டெனாவுக்கும் அதெல்லாம் 'தெரியும்'.

ஆனால் 140 கிலோமீட்டர் என்று வரைபடத்தில் வட்டம் போட்டால் திருச்சியும் உள்ளே வந்துவிடும், நிஜத்தில் அந்தப் பக்கம் குறுக்கே கொல்லிமலை நிற்கிறது. அதன் முதுகுக்குப் பின்னால் நிழல். நிலையங்கள் வெளியிடும் வட்டவட்டமான வரைபடங்களை நான் பெரிதாக நம்பாததற்குக் காரணம் இதுதான், மலைநாட்டில் உண்மையான எல்லை எலி கடித்த அப்பளம் மாதிரிதான் இருக்கும். சேலமே நாகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று சுற்றிலும் மலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர். ஊருக்குள் இருக்கும் நிலையம் ஊருக்குள் நன்றாகக் கேட்கும், மலையைச் சுற்றி அந்தப் பக்கம் போனதும் தேயும்.

பழைய மீடியம் வேவ் பெட்டியில் இந்தத் தொல்லை குறைவு. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 320 மீட்டர். அத்தனை பெரிய அலை தரையைத் தழுவிக்கொண்டு மேடு பள்ளம் பார்க்காமல் வளைந்து வந்துவிடும். எஃப்.எம். அலையின் நீளம் வெறும் 3 மீட்டர், மலை விளிம்பில் கொஞ்சம் வளையும், அதற்குமேல் வளையாது.

சரி, வளைவுகளுக்கு வருவோம். அடிவாரம் வரைக்கும் கணீரென்று வந்த பாட்டு, பஸ் மலையேற ஆரம்பித்ததும் ஒரு வளைவில் அப்படியே அமுங்கிப்போகும். அது மலையின் நிழல், அடுத்த வளைவில் பஸ் சேலத்தைப் பார்த்துத் திரும்பியதும் சரியாகிவிடும். இன்னொரு விதம் இருக்கிறது: பாட்டுக்கு நடுவே சர்ர்... சர்ர்... சர்ர்... என்று சீராக வெட்டி வெட்டி வரும் இரைச்சல். நிலையத்திலிருந்து நேராக வரும் அலையோடு, எதிரே இருக்கும் பாறைச்சரிவில் பட்டுத் திரும்பிய அலையும் சேர்ந்து வருகிறது. இரண்டின் முகடுகளும் ஒன்றாக வரும் இடத்தில் ஒலி தெளிவு, ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எதிரொலி நேர் எதிரிலிருந்து வந்தால் இந்த ஊமை இடங்கள் அரை அலைநீளத்துக்கு ஒன்று, அதாவது ஒன்றரை மீட்டருக்கு ஒன்று இருக்கும். பஸ் மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல், ஆக நொடிக்கு ஐந்தாறு தடவை ஒலி அறுபடும். டீ குடிக்க வண்டி நிற்கும்போது பாட்டு செத்துக் கிடந்தால் ரேடியோவை எடுத்துக்கொண்டு ஓரடி ஈரடி நகர்ந்து பாருங்கள், பெரும்பாலும் உயிர் வந்துவிடும். செல்போன் என்றால் இயர்போன் ஒயரை நீட்டி விடுங்கள், அதுதான் அதற்கு ஆன்டெனா. பழைய பெட்டியின் இழுப்புக் கம்பி முக்கால் மீட்டர் அளவில் இருப்பதும் சும்மா இல்லை, 3 மீட்டர் அலையில் கால் பங்கு அது.

மலை உச்சியில் வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல ஆன்டெனாக்களைக் கோபுரத்தில் அடுக்கினால் சக்தி வானத்துக்கும் தரைக்கும் சிதறாமல் தட்டையாக அடிவானத்தை நோக்கிப் போகும். சமவெளியில் அது நல்லது. ஏற்காட்டிலிருந்து சேலம் நேர்க்கோட்டில் 14 கிலோமீட்டர்தான், ஆனால் 1,200 மீட்டர் கீழே, அடிவானத்தைவிட சுமார் ஐந்து டிகிரி தாழ. அடுக்கு உயர உயர கதிர் மெலியும், கடைசியில் பக்கத்து ஊரின் தலைக்கு மேலேயே தாண்டிப் போய்விடும். அதனால் கதிரைக் கொஞ்சம் கீழே சாய்த்து வைப்பார்கள். ஆன்டெனாவைக் கோணலாக மாட்ட வேண்டியதில்லை, மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் போகும் மின்னலையில் சின்ன நேர வித்தியாசம் கொடுத்தால் கதிர் தானாகச் சாயும்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் எஃப்.எம்.? இரைச்சல்தான் காரணம். மின்னல், விசைத்தறி மோட்டார், பட்டறையில் பறக்கும் தீப்பொறி எல்லாம் பெரும்பாலும் அலையின் உயரத்தைத்தான் கெடுக்கும். மீடியம் வேவில் பாட்டு இருப்பதே அந்த உயரத்தில். எஃப்.எம்.மில் பாட்டு அதிர்வெண்ணின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது, உயரத்தில் என்ன கோளாறு வந்தாலும் ரேடியோ அதை வெட்டி எறிந்துவிடும். ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் 1933ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், இந்தியாவில் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977ல் சென்னையில் தொடங்கியது.

தொப்பூர் கணவாய் போல, அலை எட்டும் எல்லையின் ஓரங்களில் இரைச்சல் தாங்கவில்லை என்றால் ஸ்டீரியோவை அணைத்து மோனோ வைத்துக் கேளுங்கள். இடது வலது வித்தியாசத்தைச் சுமந்து வரும் பகுதிதான் அலை பலவீனமானதும் முதலில் இரையும், அதை விட்டுவிட்டால் தேறாது என்று நினைத்த நிலையமும் இன்னும் கொஞ்ச தூரத்துக்குத் தெளிவாக வரும்.