காவடிப் பக்கத்துக்கு 301 வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கோவில் சபாக்கள், தமிழ்ச் சங்கங்களின் வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தைப்பூசம் நெருங்கினால் வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: "தம்பி, நோட்டீஸில் இருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினா போன வருஷத்துப் பக்கம் வருது. மருமகள் போனில் மட்டும் சரியா வருது."

காரணம் அநேகமாக 301 என்ற ரீடைரக்ட். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுவதுதான் ரீடைரக்ட். 302 என்றால் தற்காலிகம், 301 என்றால் நிரந்தரம். வேறு உத்தரவு இல்லாதவரை 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை சர்வரைக் கேட்காமலே, நினைவில் உள்ள இடத்துக்கே போய்விடும். புதிதாக வருபவருக்குச் சரியாகவும், வருஷா வருஷம் வருபவருக்குத் தவறாகவும் காட்டுவது இதனால்தான்.

நோட்டீஸில் அச்சாகும் முகவரி, வருடம் சேர்க்காமல் வெறும் 'காவடி' என்று இருக்கட்டும். அங்கிருந்து அந்த வருடத்துப் பக்கத்துக்கு 302 போதும். இங்கே சித்ரா பௌர்ணமிக்கும் காவடி எடுக்கிறோம். அடிக்கடி மாறுகிற இடத்தில் 301 போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. ஏற்கெனவே போட்டாயிற்றா? போன வருடப் பக்கத்திலிருந்து இந்த வருடப் பக்கத்துக்கு நேராக 302 கொடுங்கள். மறுபடி 'காவடி'க்கே திருப்பிவிட்டால், பழையதை நினைவில் வைத்திருக்கும் போன் இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி நின்றுவிடும்.

முகவரியைத் தமிழிலேயே வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'காவடி' என்பதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக 45 குறிகள் நீளும். அந்த நீளத்தை அப்படியே அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ் போன்ற சர்வர் மென்பொருளில் ரீடைரக்ட் விதியாக எழுதினால் பொருந்தாது. சர்வர் அதைப் பிரித்துத் தமிழாக்கிய பிறகுதான் ஒப்பிடும். விதியைத் தமிழிலேயே எழுதுங்கள்.

301-க்கு உரிய இடம் டொமைன், அதாவது தளத்தின் பெயர், மாறும்போது. அப்போது பலர் எல்லாப் பழைய பக்கங்களையும் முகப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இது அறவே பிடிக்காது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி) வந்தவர்களைத் தேடி வருபவருக்கு உங்கள் கமிட்டிப் படம் எதற்கு? கூகுளும் அதைப் 'பக்கம் இல்லை' என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதற்கு நிகரான புதுப் பக்கத்தைக் காட்டுங்கள். நிகர் இல்லையென்றால் 410, அதாவது 'நீக்கப்பட்டது', என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். ரீடைரக்டுக்குள் ரீடைரக்ட் வைக்க வேண்டாம். ஒவ்வொரு தாவலுக்கும் போன் இன்னொரு முறை சர்வரைக் கேட்டுக் காத்திருக்க வேண்டும்.

ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடம் வைக்கச் சொல்கிறது கூகுள். அச்சடித்த நோட்டீஸ் அதைவிட அதிக காலம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் என்பதால், பழைய டொமைனையும் வருடாவருடம் புதுப்பித்து வரச் சொல்கிறேன். பொருளாளர் அதை வீண்செலவு என்று வெட்டிவிட்டால் ரீடைரக்டெல்லாம் அதோடு போச்சு. அந்தப் பெயரை எவராவது வாங்கிச் சூதாட்டத் தளம் வைத்தால், கோவில் நோட்டீஸே அங்கே ஆள் அனுப்பும்.