ஓக் பெட்டியின் முளைகள் ஏன் வெளியே துருத்துகின்றன?

பழைய இங்கிலாந்து ஓக் பெட்டி ஒன்றை ஏலத்தில் எடுத்த வாசகர் கேட்டிருக்கிறார்: "மூட்டுகளில் அடித்திருக்கும் மரமுளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. துடைக்கும்போது துணி மாட்டுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா?"

தேய்க்க வேண்டாம். பசையே இல்லாமல் இந்த மூட்டுகள் 350 ஆண்டுகளாகப் பிரியாமல் நிற்பதன் இரகசியத்தை அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் காட்டிக்கொடுக்கிறது.

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓரளவு வசதியுள்ள வீட்டின் முக்கியமான சாமான் இந்த மேல்திறப்புப் பெட்டிதான். நீளம் சுமார் 4 அடி, உயரம் 2 முதல் 2½ அடி. படுக்கை விரிப்பு, மேஜைத் துணி, கம்பளி உடை, பத்திரங்கள் எல்லாம் இதற்குள். மூடியின் மேல் உட்காரவும் செய்வார்கள். உள்ளே ஒரு பக்கவாட்டில், வாய் விளிம்பை ஒட்டி ஒரு சின்ன மூடி போட்ட அறை இருக்கும். சில்லறைச் சாமான் அதில் கிடக்கும். அந்தச் சின்ன மூடியைத் தூக்கி நிறுத்தினால் பெட்டியின் பெரிய மூடிக்கு அதுவே முட்டு. நான்கு மூலைச் சட்டங்களும் அடியில் நீண்டு கால்களாக நிற்பதால் தரை ஈரம் அடிப்பலகையைத் தொடாது. 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். ஒரு சாவி பாதிரியாரிடம், இன்னொன்று ஆலயப் பொறுப்பாளர்களிடம். இங்கிலாந்துக்காரர்கள் இன்று தம் வம்சாவளியைத் தேடி எடுக்க முடிகிறதென்றால் அதில் இந்தப் பெட்டிகளுக்கும் பங்கு உண்டு.

இனி மரத்துக்கு வருவோம். நல்ல தச்சர் அன்று ஓக்கை அறுக்கவில்லை, பிளந்தார். வெட்டிய ஈரம் காயாத மரத்தை வேண்டிய நீளத்துக்குத் துண்டு போட்டு, இரும்பு ஆப்பு வைத்து இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளப்பார். எப்போதும் சரிபாதியாகத்தான் பிளக்க வேண்டும். ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிதாகவும் விட்டால் பிளவு மெலிந்த பக்கமாக ஓடி வெளியே வந்துவிடும். ஓடத் தொடங்கிவிட்டால் தடித்த பாதியை அழுத்தி வளைத்து அதை மறுபடி நடுவுக்குத் திருப்பலாம்.

ஓக் இப்படிச் சொன்னபடி பிளப்பதற்குக் காரணம் அதன் ஆரக்கதிர்கள். நடுவிலிருந்து பட்டையை நோக்கி நாடா போல ஓடும் செல் வரிசைகள் இவை. எல்லா மரத்திலும் உண்டு என்றாலும் ஓக்கில் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு அகலம். பிளவு அந்த வழியே போகிறது. அதனால்தான் பிளந்த பலகையின் முகத்தில் வெள்ளி மினுக்கமுள்ள கீற்றுகள் தெரிகின்றன. பலகையின் ஒரு விளிம்பு தடித்தும் மறு விளிம்பு மெலிந்தும் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் இழைத்துவிட்டு, கண்ணில் படாத பின்பக்கத்தைக் கோடாலித் தழும்போடு அப்படியே விட்டுவிடுவார்கள்.

மரத்திலுள்ள ஈரம் இரண்டு வகை. செல்லின் உள்வெளியில் நிற்கும் நீர் ஒன்று, செல் சுவருக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர் மற்றொன்று. முதல் வகை வெளியேறும்போது மரம் எடை குறையுமே தவிர சுருங்காது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சுவருக்குள் இருக்கும் நீர் போகத் தொடங்கும்போதுதான் சுருக்கம். அந்தச் சுவரில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் படுத்திருக்கின்றன. இடையிலிருந்த நீர் போனால் இழைகள் ஒன்றையொன்று நெருங்கும், ஆனால் நீளம் குறைய வழியில்லை. ஆகவே மரம் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய சுருங்காது. அகலத்திலும் ஒரு வேறுபாடு: ஆரக்கதிர்கள் குறுக்கே நின்று தடுப்பதால், நடுவிலிருந்து பட்டை நோக்கிய ஆரத்திசையில் சுருக்கம் குறைவு. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதிகம். ஐரோப்பிய ஓக் பச்சையிலிருந்து 12 சதவீத ஈரம்வரை காயும்போது ஆரத்திசையில் ஏறத்தாழ 4 சதவீதமும் வளையத்திசையில் 7.5 சதவீதமும் சுருங்கும்.

இப்போது மூட்டைப் பாருங்கள். குறுக்குச் சட்டத்தின் நுனியில் நாக்கு போலச் செதுக்கிய கழுந்து, நிற்கும் சட்டத்தில் வெட்டிய குழிக்குள் போகிறது. இரண்டையும் சேர்த்து முளை அடிக்க வேண்டும். சேர்த்துவைத்து ஒரே நேரில் துளையிட்டு முளை அடித்தால் அது பிடித்துக்கொண்டு நிற்கும், ஆனால் இழுக்காது. பழைய தச்சர் செய்தது வேறு. நிற்கும் சட்டத்தில், குழிக்குக் குறுக்கே, முளைக்கான துளையை முதலில் போடுவார். கழுந்தைச் செருகி, துளை வழியே அதன்மேல் அடையாளம் வைத்து, வெளியே எடுத்து, அடையாளத்திலிருந்து 2 முதல் 3 மில்லிமீட்டர் தள்ளி, கழுந்தின் தோள் பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் இடத்தில் சட்டம் தடித்து நிற்கும் பக்கமாக, துளையிடுவார். மறுபடி செருகினால் துளைகள் நேராக நிற்காது. அந்தக் கோணலான வழியில் கூர்நுனி முளையை அடித்து இறக்கும்போது அது வளைந்து வளைந்து போகும். போகிற போக்கில் கழுந்தை உள்ளே இழுத்து, தோளைச் சட்டத்தோடு நெரித்துவிடும்.

வளைந்த முளை உள்ளேயே வில்லாக இருந்துகொண்டு இழுப்பை விடாமல் வைத்திருக்கும், இதுதான் விஷயம். நிற்கும் சட்டம் காயக் காய அகலத்தில் சுருங்குகிறது. கழுந்தோ நீளவாக்கு மரம், சுருங்காது. துளைக்கும் சட்டத்தின் உள்விளிம்புக்கும் இடையே 12 மில்லிமீட்டர் மரம் இருந்தால், 4 சதவீதச் சுருக்கத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழ வேண்டும். முளை வில்லாக இழுத்துக்கொண்டிருப்பதால் அந்த அரை மில்லிமீட்டரை அது உடனுக்குடன் விழுங்கிவிடுகிறது. துளையை விளிம்புக்கு அருகே வைப்பதும் இதற்காகத்தான். தள்ளி வைத்தால் சுருங்கும் மரமும் கூடும், இடைவெளியும் கூடும். கழுந்தின் நுனி குழியின் அடியைத் தொடாமல் சில மில்லிமீட்டர் விட்டிருப்பதும் தற்செயல் அல்ல. சட்டம் சுருங்கும்போது நுனி அடியில் முட்டினால் மூட்டை வெளியே தள்ளிவிடும்.

முளை மட்டும் நன்றாகக் காய்ந்த ஓக், அதுவும் பிளந்து எடுத்தது. அறுத்த குச்சியில் நார் குறுக்கே ஓடியிருந்தால் வளைகிற இடத்தில் முறிந்துவிடும். கடையில் விற்கும் உருளைக் குச்சியால் பழைய பெட்டியைப் பழுது பார்ப்பவர்களுக்கு அடிக்கடி நேர்வது இது. துளையைத் தேவைக்கு மேல் தள்ளிவிட்டால் கழுந்தின் நுனி பிய்த்துக்கொண்டு போகும். திசை மாறித் தோளுக்கு எதிர்ப்பக்கம் தள்ளினாலோ, அடிக்க அடிக்க மூட்டு திறக்கும்!

வாசகர் கேட்ட துருத்தல் இதே கணக்கில் வருவது. பிளந்த மரம் என்பதால் சட்டத்தின் முகம் ஆரத்திசை, அதன் தடிமன் வளையத்திசை. 40 மில்லிமீட்டர் தடிமனில் 7.5 சதவீதம் என்றால் 3 மில்லிமீட்டர். வேலைக்கு எடுக்கும்போதே மரம் ஓரளவு காய்ந்திருக்கும் என்பதால் நடைமுறையில் ஒன்றிரண்டு. முளை தன் நீளவாக்கில் படுத்திருக்கிறது, அதன் நீளம் குறையவில்லை. அன்று சமமாக வெட்டிய முளையைச் சுற்றி இருந்த மரம் பின்வாங்கிவிட்டது, அவ்வளவுதான்.

நடுவிலுள்ள செதுக்குப் பலகைகளுக்கு முளையும் இல்லை, பசையும் இல்லை. சட்டத்தில் ஓடும் காடிக்குள் அவை சும்மா செருகி நிற்கின்றன. காற்றின் ஈரப்பதம் 90-லிருந்து 60 சதவீதத்துக்கு இறங்கினால் ஓக் ஆரத்திசையில் 1.5 சதவீதம் சுருங்கும். 30 சென்டிமீட்டர் பலகையில் அது 4.5 மில்லிமீட்டர். காடிக்குள் அசைய இடமிருப்பதால் பலகை போய் வருகிறது. ஆடுகிறதே என்று பசை ஊற்றினால் அடுத்து காற்று வறளும் பருவத்தில் நடுவில் பிளக்கும்.

ஆறு பலகைகளை ஆணியடித்துச் செய்த மலிவுப் பெட்டிகள் அப்படித்தான் பிளந்தன. முன்பலகையின் நார் கிடைமட்டம், பக்கப் பலகையின் நார் செங்குத்து. முன்பலகை உயரத்தில் சுருங்கப் பார்க்கிறது, பக்கப் பலகை விடாது, நடுவில் ஆணி. 1632-இல் லண்டன் நகர ஆட்சிக் குழுவான ஆல்டர்மென் மன்றம் தச்சர் சங்கங்களின் சண்டையைத் தீர்த்தபோது, கழுந்து மூட்டு வேலை ஜாயினர்களுக்கு, ஆணியடித்த பலகை வேலை கார்ப்பென்டர்களுக்கு என்று பிரித்தது. ஆணியால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஓக்கிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருநீலக் கறையாகும். கலம்காரியில் கடுக்காய் ஊறிய துணிமேல் இரும்புச் சாறு பட்டதும் கறுப்பாவதும் இதே வினைதான். ஆணி அரிக்க, சுற்றியுள்ள மரமும் மெல்ல உளுத்துப்போகிறது.

செதுக்கு வேலை மூட்டுவதற்கு முன்பே, மரம் இன்னும் மென்மையாக இருக்கும்போதே முடிந்துவிடும். கவராயத்தால் வட்டம் போட்டு, வளைவு உளியால் வெட்டி, பின்னணியை முள்முனை அச்சால் குத்தினால் அரைவட்டம், பின்னல், இலைக்கொடி எல்லாம் வேகமாக வந்துவிடும். இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பாணியை வில்லியம் சியர்ல், தாமஸ் டென்னிஸ் என்ற இரண்டு தச்சர்கள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் இப்ஸ்விச்வரை கொண்டுபோனார்கள். விக்டோரியா காலத்தில் வெறும் பெட்டிகளுக்குப் புதிதாகச் செதுக்கி விலையேற்றியதும் நடந்தது. முளையின் தலைமீதே செதுக்கு ஓடியிருந்தால் சந்தேகப்படுங்கள். பூச்சி அரித்த பாதை மேற்பரப்பில் வாய்க்கால் போலத் திறந்து ஓடினாலும் அப்படியே. பூச்சி உள்ளேதான் குடையும். பாதை வெளியே தெரிகிறதென்றால் அரித்த பிறகு யாரோ அந்த மரத்தை இழைத்திருக்கிறார்கள்.

பிளந்த பலகையின் குறுக்கு விளிம்பில் ஆண்டு வளையங்கள் வரிசையாகத் தெரிவதால் வளையக் கணிப்பு முறையில் மரத்தின் காலத்தையும் கண்டுபிடிக்கலாம். ஐரோப்பாவில் இதற்கு நூற்றாண்டுக்கணக்கில் நீளும் ஒப்பீட்டு வரிசைகள் இருக்கின்றன. தேக்கிலும் வளையம் தெளிவாகவே விழும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் தேக்கு வளையங்களை வைத்துப் பழைய பருவமழையை ஆராய்ந்திருக்கிறது. ஆனால் செட்டிநாட்டு வீடுகளை இடிக்கும்போது வரும் பர்மா தேக்குத் தூண்கள் விற்பனைக்குப் போகுமுன் ஒரு மாதிரி எடுத்துவைக்க இங்கே ஒரு நிரந்தரத் திட்டம் வேண்டும். ராக்கெட்டுக்கு ஆகும் செலவில் ஒரு துளி போதும். விற்றுப்போன தூணைப் பிறகு எங்கே போய்த் தேடுவது?

பூச்சி பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடலாம். ஓக் உத்திரங்களில் வாழும் ஒரு வண்டு, இராத்திரியில் தலையால் மரத்தில் முட்டித் தட்டும். நோயாளிக்குக் காவல் இருந்தவர்களின் காதில் அந்தச் சத்தம் விழுந்ததால் அது சாவு அறிகுறி என்றாகிவிட்டது. உண்மையில் அது இணையைத் தேடும் அழைப்பு. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் நாம் அவர்களைக் கேலி செய்ய முடியாது.

இன்று இதில் எதை வைக்கலாம்? ஓக் அமிலமுள்ள மரம். அதன் செல் சுவரிலுள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருளிலிருந்து அசிட்டிக் அமிலம், வினிகரில் இருக்கும் அதே அமிலம், ஆண்டுக்கணக்கில் ஆவியாகக் கசிந்துகொண்டே இருக்கிறது. மூடிய பெட்டியில் அது தேங்கும். ஈயப் பொருளை உள்ளே வைத்தால் வெள்ளைத் தூளாகும். ஈயத்தை அமிலம் அசிட்டேட்டாக்குகிறது, காற்றிலுள்ள கரியமில வாயு அதைக் கார்பனேட்டாக்கி அமிலத்தை விடுவிக்கிறது, விடுபட்ட அமிலம் மறுபடி ஈயத்துக்கே போகிறது. கொஞ்சம் அமிலமே போதும், வேலை நிற்காது. சிப்பி, முத்து, பவளமும் ஆகாது. 1899-இல் லோஃப்டஸ் பைன் என்பவர் சேகரிப்புப் பேழைகளில் சங்கு சிப்பிகள் வெண்பூத்து உதிர்வதை விவரித்து, பாக்டீரியாவைக் காரணம் காட்டினார். உண்மையான குற்றவாளி பேழையின் மரத்திலிருந்து வரும் அமில ஆவி. அந்த நோய்க்கு இன்றும் பைன் பெயர்தான்.

பருத்தி, லினன் துணி வைக்கலாம், ஆனால் மரத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. தொட்ட மடிப்பு பழுப்பேறும். அலசிய கோராத் துணியை இரண்டு மடிப்பாக உள்ளே விரித்து, ஆண்டுக்கு ஒருமுறை துவைத்துப் போடுங்கள். பெட்டியை ஹீட்டருக்குப் பக்கத்திலோ ஏசி காற்று நேரே படும் இடத்திலோ வைக்க வேண்டாம். அறை ஈரப்பதம் 45 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. காற்று வறண்ட பருவத்தில் தெரியும் விரிசலில் மக்கு அடைத்தால், ஈரமான பருவத்தில் மரம் உப்பும்போது புது இடத்தில் பிளக்கும். மெருகுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தேன்மெழுகு மெல்லிதாகப் பூசினால் போதும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் பூட்டின் நாக்கைக் கழற்றிவிடுங்கள். உள்ளே ஒளிந்தால் மூடி விழுந்து மாட்டிக்கொள்ளும்.

ஓக் அந்துப்பூச்சியை விரட்டும் என்பது வெறும் நம்பிக்கை. அந்துப்பூச்சியின் புழு கம்பளியையும் பட்டுத் துணியையும் தின்னும், எந்த மரப்பெட்டி என்று பார்க்காது. கம்பளியை உள்ளே வைக்குமுன் பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, −18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த துணியில் நீர் படியும், அந்த ஈரத்தோடு அது பெட்டிக்குள் போகும்.