ஈரோடு ஏன் வெள்ளையாக நிற்கிறது?

மாவட்டவாரிப் பள்ளிகளின் எண்ணிக்கையை ஓர் அட்டவணையில் தொகுத்து, கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் தமிழ்நாட்டு வரைபடத்துடன் இணைத்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “38 மாவட்டங்களில் 35 நிறம் பெற்றுவிட்டன. ஈரோடு, கோயம்புத்தூர், புதுக்கோட்டை ஆகிய மூன்றும் வெள்ளையாகவே நிற்கின்றன. இரண்டு பக்கமும் பெயர் ஒன்றுதான், பிறகு ஏன்?” பெயர்களைப் படித்ததுமே விடை பிடிபட்டுவிட்டது. மூன்றிலும் ஓகாரம் இருக்கிறது. மற்ற 35 பெயர்களில் ஒன்றில்கூட ஒகரமோ ஓகாரமோ இல்லை.

இணைப்பு நடக்கும் விதம் எளியது. மென்பொருள் நம் அட்டவணையின் பெயர்களை நினைவகத்தில் அகராதிபோல அடுக்கிக்கொண்டு, வரைபடத்தின் ஒவ்வொரு மாவட்டப் பெயரையும் அதில் தேடுகிறது. கிடைத்தால் அந்த வரியின் எண்கள் மாவட்டத்துடன் ஒட்டிக்கொள்ளும், கிடைக்காவிட்டால் வெற்றிடம். ஏறக்குறைய ஒத்திருந்தால் போதும் என்ற தாட்சண்யம் அதற்குக் கிடையாது என்பதால், ‘தர்மபுரி’யும் ‘தருமபுரி’யும் அதற்கு வெவ்வேறு ஊர்கள். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் கதை அதுதான்.

இங்கே நடந்திருப்பது அதைவிட நுட்பமானது. கணினி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, அதன் எண்ணையே பார்க்கிறது. எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் ஓகாரக் குறிக்கு 3019 என்ற தனி எண் உண்டு. அதே ஓகாரத்தை, ஏகாரத்தின் இரட்டைக் கொம்பையும் (3015) காலையும் (3006) அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். ‘ரோ’ என்ற எழுத்தில் ரகரத்துக்கு இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் நிற்பதைப் பள்ளியிலேயே எழுதிப் பழகியிருக்கிறோம். அந்த இரண்டு துண்டுகளையும் தனித்தனியாகச் சேமித்தாலும் திரையில் விழும் உருவம் அச்சு அசலாக ஒன்றே. இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது, ஆனால் தேடும் மென்பொருள் அந்த விதியைப் பொருட்படுத்துவதில்லை. சோதிக்க விரும்புபவர்கள் எக்செல் போன்ற அட்டவணை மென்பொருளில் நீளத்தை எண்ணும் ‘லென்’ (LEN) சார்பிடம் ‘ஈரோடு’ என்பதன் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள்: ஒரு கோப்பில் 5 என்றும் மற்றதில் 6 என்றும் வரும். ஒரே சொல்லுக்கு இரண்டு நீளங்கள் இருப்பதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சலைவிட வியப்பே மிகுதியாக இருந்தது.

தீர்வு கடினமன்று. அதே அட்டவணை மென்பொருளில் ஒன்றை இன்னொன்றாக மாற்றும் ‘சப்ஸ்டிடியூட்’ (SUBSTITUTE) சார்பைக் கொண்டு 3015, 3006 இணையை 3019 ஆகவும், ஒகரத்துக்காக 3014, 3006 இணையை 3018 ஆகவும் இரண்டு கோப்புகளிலும் மாற்றிவிட்டு மறுபடியும் இணைத்தால் வெள்ளை மறைந்துவிடும்.

பெயரைத் தொடாமல் குறியீட்டு எண்ணால் இணைப்பது இன்னும் பாதுகாப்பானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஈரோட்டுக்கு 610, புதுக்கோட்டைக்கு 621, கோயம்புத்தூருக்கு 632 என்ற எண்கள் உள்ளன. ஆனால் அப்போது மாவட்டங்கள் 32 மட்டுமே. பின்னர் பிறந்த தென்காசி, மயிலாடுதுறை போன்ற ஆறுக்கும் அந்தப் பட்டியலில் எண் இல்லை. மாவட்டத்தைப் பிரிக்கும் அரசாணையிலேயே குறியீட்டு எண்ணையும் அறிவிப்பதற்குப் பெரிய செலவு ஆகாது என்பது என் கருத்து. தமிழ்க் கணிமைக்கென ஒதுக்கும் நிதியில் மேடைக்கும் விழா மலருக்கும் போவதில் சிறு பங்கு இத்தகைய அடித்தள வேலைக்கு வரலாம்.

எண்ணால் இணைக்கும்போது அந்த நெடுவரிசையை உரை வகையாகவே திறக்க வேண்டும். மாநிலங்களுக்கும் இத்தகைய எண்கள் உண்டு; தமிழ்நாட்டின் 33-க்குச் சிக்கல் இல்லை. இமாச்சலப் பிரதேசத்தின் 02-ஐ அட்டவணை மென்பொருள் சத்தமில்லாமல் 2 ஆக்கிவிடும், வரைபடத்தில் அடுத்த வெள்ளை அங்கே விழும்.