பாட்டு மேல் பழி போடாதீர்கள்

பெண்குரல்களில் மிக உயர்ந்ததான சோப்ரானோ என்றால் ராயபுரத்தில் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சர்ச் கொயரில் அக்காவோ அத்தையோ பாடியிருப்பார்கள். மேற்கத்திய செவ்விசை பாடுவதுதான் என் தொழில் என்றால் மட்டும், “அது சரி மிஸ், வேலைக்கு எங்க போறீங்க?” என்பார்கள். கச்சேரி எப்போதாவது, பாட்டு கிளாஸ் தினமும். மீதி நேரம் குரல் பற்றிய ஆய்வு.

குரல் கெட்டு என்னிடம் வருகிறவர்களில் பாடிக் கெட்டவர்கள் குறைவு, பேசிக் கெட்டவர்களே அதிகம். சோப்ரானோவின் உச்ச ‘சி’யில் குரல் நாண்கள் நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்கின்றன. ஆனால் அந்தச் சுரம் சில நொடிதான். அதே பெண் மறுநாள் பள்ளியில், வெளியே கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்க, மதியம் வரை தொண்டை கிழியப் பாடம் நடத்துகிறாள். அமெரிக்காவின் இரண்டு மாநிலங்களில் எடுத்து 2004ல் வெளியான ஆய்வில், குரல் கோளாறு ஆசிரியர்களில் 11 சதவீதம், மற்றவர்களில் சுமார் 6 சதவீதம்.

டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்டு. ராத்திரியெல்லாம் தெருத்தெருவாகக் கத்திப் பாடிவிட்டு, 24ஆம் தேதி மேல் சுரம் எட்டவில்லை என்று கண்கலங்கி நிற்பார்கள். உடனே வீட்டில் மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை. இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் விழுங்குகிற எதுவும் குரல் நாணில் படாது, பட்டால் புரையேறிவிடும். நேராகப் போய்ச் சேர்வது ஆவி மட்டுமே. குடிக்கிற தண்ணீர் உடம்பெல்லாம் சுற்றித்தான் போகும், அதனால் முதல் நாளே குடிக்க வேண்டும்.

கிசுகிசுவென்று பேசுவதும் ஓய்வாகாது. ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு பாடினால் நாணில் ரத்தம் கசிய வாய்ப்பு கூடும். பாதிப் பாட்டில் திடீரென்று குரல் போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கொயர் மாஸ்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

என் கிளாஸில் தண்ணீர் பாட்டிலுக்குள் ஸ்ட்ரா விட்டு, ‘ஊ’ என்று பாடிக் குமிழ் விட வைப்பேன். இதற்கா ஃபீஸ் என்று அம்மாக்கள் முறைப்பார்கள். வாய்ப்பக்கம் காற்று தடைபடும்போது நாண்கள் மென்மையாக மோதும். காரியம் அவ்வளவுதான்.

ஸ்வீடன் சோப்ரானோ ஜென்னி லிண்ட் 1841ல் குரல் களைத்துப் பாரிஸில் மனுவேல் கார்சியாவிடம் போனபோது, முதலில் பாடாமல் இருக்கச் சொன்னார் அவர். பிறகு 1854ல் சின்னக் கண்ணாடி வைத்துத் தன் குரல்வளையைத் தானே பார்த்தவரும் இதே பாட்டு வாத்தியார்தான்.

இன்று அதற்குக் கேமரா இருக்கிறது. மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகவில்லை என்றால் ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். நாணில் காய்ப்பு போலச் சின்ன முடிச்சு இருந்தாலும், பெரும்பாலும் கத்தி வைக்காமல் குரல் பயிற்சியிலேயே குறையும். டாக்டரிடம் என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பேச்சு என்பதையும் சொல்லுங்கள். பாட்டு கிளாஸ் போகிறேன் என்று மட்டும் சொன்னால், முதலில் நிறுத்தச் சொல்வது பாட்டைத்தான்.