கமிங் அவுட்: சொல்லும் அதற்கான தமிழும்

ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில், உள்நாட்டுக் கடலை நோக்கி இறங்கும் மலைச்சரிவில் ஒனோமிச்சி என்ற சிறு துறைமுக ஊர் இருக்கிறது. படிக்கட்டுகளும் ஆளில்லாத பழைய வீடுகளும் நிறைந்த அந்த ஊரைக் களமாக வைத்து, கமாதானி யூகி 2015 முதல் 2018 வரை ‘ஷிமானாமி தசோகாரே’ என்ற மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, வரைந்தார். நான்கு தொகுதிகளில் முடிந்துவிடும் அந்தக் கதை, கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு வகுப்பறையில் தொடங்குகிறது. தாசுக்கு என்னும் மாணவனின் கைபேசியில் ஆண்கள் இருவர் இணையும் காணொளி ஒன்றைச் சக மாணவன் பார்த்துவிடுகிறான். ‘நீ அப்படிப்பட்டவனா’ என்ற கேள்வி வருகிறது. தாசுக்கு மறுக்கிறான். அவன் தன்னைப் பற்றி இதுவரை யாரிடமும், தன்னிடமேகூட, எதையும் சொல்லவில்லை; ஆனாலும் செய்தி வகுப்புக்குள் வந்துவிட்டது. தாசுக்கு இன்னும் செய்யாத காரியத்துக்கு ஜப்பானியர் ‘கமிங்கு அவுத்தோ’ என்கிறார்கள்; அவனுக்குப் பிறர் செய்ததற்கு ‘அவுத்திங்கு’ என்கிறார்கள். இரண்டும் ஆங்கிலத்திலிருந்து வந்து ஜப்பானிய நாவுக்கேற்ப வளைந்துகொண்ட சொற்கள். பால்புதுமையரான, அதாவது பாலீர்ப்பிலோ பாலின அடையாளத்திலோ பெரும்பான்மையினரிடமிருந்து வேறுபட்ட, பதின்வயதினரைப் பற்றிய மங்காக்களை வாசிப்பவருக்கும், அவற்றைப் பற்றித் தமிழில் எழுத உட்காருபவருக்கும் முதலில் இடறுபவையும் இவைதான்.

ஒருவர் தம் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ தாமே விரும்பி, தாம் தேர்ந்துகொண்ட ஒருவரிடம், தாம் தேர்ந்துகொண்ட நேரத்தில் தெரிவிப்பதே ‘கமிங் அவுட்’. இந்த வரையறையில் ‘தாம்’ மூன்று முறை வருவது எழுத்துப் பிழையன்று. சொல்லின் உயிரே அதில்தான் இருக்கிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் நிகழ்ந்தது வேறொன்றாகிவிடும். மேலும், இது ஒருமுறை செய்து முடித்துவிடும் காரியமும் அன்று. அம்மாவிடம் சொன்னவர் அண்ணனிடம் சொல்லாமல் இருக்கலாம். பள்ளி மாறினால், வேலை மாறினால், புதிய நண்பர் கிடைத்தால், சொல்வதா வேண்டாமா என்ற கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் பிறப்பு பலர் நினைப்பதற்கு மாறானது. செல்வக் குடும்பத்து இளம்பெண்கள் மணப்பருவம் எய்தியதும் அலங்கரித்து நடன விருந்தொன்றில் உயர்குடிச் சமூகத்துக்கு அறிமுகப்படுத்தப்படுவது வழக்கமாக இருந்தது; அந்த அறிமுகத்துக்குத்தான் முதலில் ‘கமிங் அவுட்’ என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் பெண் வேடமிட்டு நடத்திய பெரும் நடன விழாக்களில், அந்தச் சடங்கைக் கேலியும் கொண்டாட்டமுமாகத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1931இல் பால்டிமோர் நகரத்துச் செய்தித்தாள் ஒன்று அத்தகைய விழாவைப் பற்றி இதே சொல்லைக் கொண்டு எழுதியது. ஆகவே அன்றைய பொருள் ஒளிவிடத்திலிருந்து வெளியேறுவது அன்று. தம்மைப் போன்றவர்களின் கூட்டத்துக்குள் நுழைவது. அலமாரிக்குள் ஒளிந்திருப்பவர் கதவைத் திறந்து வெளியேறுகிறார் என்ற உருவகம் 1960களில்தான் இதனோடு ஒட்டிக்கொண்டது என்று வரலாற்றாய்வாளர் ஜார்ஜ் சான்சி காட்டியிருக்கிறார். பழைய பொருளை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒனோமிச்சிக் கதையில் தாசுக்குவுக்கு முதலில் கிடைப்பதும் அதுதான்: மலைமேல் ஒரு பழைய வீட்டில் கூடி, கைவிடப்பட்ட வீடுகளைப் பழுதுபார்க்கும் மனிதர்களின் கூட்டத்துக்குள் அவன் நுழைகிறான். வெளியே சொல்வது அதற்குப் பிறகு வரும் பேச்சு.

ஜப்பானிய மொழியில் இச்சொல் கடன்சொற்களுக்கு உரிய கதகானா எழுத்தில் எழுதப்படுகிறது. அங்கே புழங்கப் புழங்க அதன் பொருள் நீர்த்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சிக் கேளிக்கை நிகழ்ச்சிகளில் யாரோ ஒருவர் தமக்கிருக்கும் விசித்திரமான பழக்கத்தையோ பழைய நோயையோ சொன்னால், அதுவும் ‘கமிங்கு அவுத்தோ’ ஆகிவிடுகிறது. சொந்தச் சொற்கள் அம்மொழியில் இல்லாமலில்லை. மனத்தில் பூட்டி வைத்ததைத் திறந்து சொல்வதற்கு ‘உச்சியாகேரு’ என்ற வினை உண்டு. ‘கொக்குஹாக்கு’ என்ற பெயர்ச்சொல் உண்டு. பின்னது பாவத்தை அறிக்கையிடுவதையும் குறிக்கும்; ஆனால் பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட மங்காவில் அது வந்தால் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: ‘உன்னைப் பிடித்திருக்கிறது’ என்று ஒருவரிடம் நேரில் சொல்வது. மாடிப்படி, பள்ளிக் கட்டடத்தின் பின்புறம், கோடைத் திருவிழாவின் வாணவேடிக்கை என்று அதற்கு வாய்ப்பாடான இடங்களும் உண்டு.

காதலைச் சொல்வதும் தன்னைச் சொல்வதும் வேறு என்ற வேறுபாட்டின் மேல்தான் இவ்வகை மங்காக்களில் சிறந்தவை நிற்கின்றன. ஷிமுரா தகாக்கோ 2004 முதல் 2013 வரை எழுதிய ‘அஓய் ஹானா’வில், கமாக்குராவில் படிக்கும் ஃபுமி, தான் மேல்வகுப்பு மாணவி ஒருத்தியோடு பழகிவருவதைச் சிறுவயதுத் தோழி அக்கிராவிடம் சொல்கிறாள். காதலிப்பது வேறொருத்தியை, சொல்ல அஞ்சுவதோ தோழியிடம். காதலியிடம் சொன்னது ‘கொக்குஹாக்கு’. தோழியிடம் சொல்வது ‘கமிங்கு அவுத்தோ’. வெகு பின்னால், தன் முதல் காதலே அக்கிராதான் என்று ஃபுமி சொல்லும்போது இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிடுகின்றன. அந்தப் பக்கத்தின் கனம் அங்கிருந்து வருகிறது. தாகாமே கெங்கொரோவின் ‘பொக்குரா நோ ஷிகிசாய்’இல் வரும் பதினாறு வயது சோரா, வகுப்புத் தோழன்மேல் வைத்த அன்பை உள்ளேயே வைத்துக்கொண்டு, ஓவியம் தீட்டிக்கொண்டிருக்கிறான். தாம் ஆண்களை விரும்புபவர் என்பதை மறைக்காமல் காபிக் கடை நடத்தும் அமாமியா என்ற பெரியவரோடு பழகும்போதுதான் அவனுக்குப் பேச வாய் வருகிறது. முன்பின் தெரியாதவரிடம் எளிதாக வரும் சொல் வீட்டில் வருவதில்லை என்பது மங்காவுக்கு மட்டும் உரிய உண்மையன்று.

வாயே திறக்காமலும் இது நடக்கலாம். ஷிமுராவின் மற்றொரு நெடுங்கதை ‘ஹோரோ முசுக்கோ’. 2002 முதல் 2013 வரை வெளிவந்த இதில், ஆண் என்று பதியப்பட்டு, பெண்ணாக இருக்க விரும்பும் நிதோரி ஷுயிச்சி ஒருநாள் மாணவியர் சீருடையை அணிந்து பள்ளிக்குப் போகிறார். அதற்கு முன்பே சராஷினா சிசுரு என்ற மாணவி ஆண்கள் சீருடையில் வந்தபோது, வியப்பும் ரசனையுமாகப் பார்த்த அதே பள்ளிதான் அது. நிதோரிக்கோ சிரிப்பு கிடைக்கிறது. வீட்டுக்குத் தகவல் போகிறது. ஒரு வார்த்தையும் பேசாமல், துணியால் சொன்ன சொல் இது. பெண் ஆணுடை அணிந்தால் மிடுக்கு, ஆண் என்று கருதப்படுபவர் பெண்ணுடை அணிந்தால் கேலி என்ற கணக்கை ஷிமுரா யாரையும் சொற்பொழிவாற்றவிடாமல் இரண்டு சீருடைகளைக் கொண்டே காட்டிவிடுகிறார்.

‘அவுத்திங்கு’ என்ற சொல் ஜப்பானில் பொதுமக்கள் வாய்க்கு வந்த கதை துயரமானது. 2015இல் தோக்கியோவின் ஹிதொத்சுபாஷிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த மாணவர் ஒருவர், தம் தன்பாலீர்ப்பை ஒரு நண்பர் பிறருக்குத் தெரிவித்துவிட்டதைத் தொடர்ந்து உயிரிழந்தார். அப்பல்கலைக்கழகம் அமைந்துள்ள குனிதாச்சி நகராட்சி, ஒருவருடைய இசைவின்றி அவருடைய பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ வெளியிடலாகாது என்ற விதியைக் கொண்ட ஆணையை 2018இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மாணவரின் பெற்றோர் தொடர்ந்த வழக்கில், அவ்வாறு வெளியிடுவது ஒருவரின் ஆளுமை உரிமையை மீறும் சட்டவிரோதச் செயல் என்று 2020இல் தோக்கியோ உயர் நீதிமன்றம் குறிப்பிட்டது. நல்லெண்ணத்தால் வரும் தொல்லையும் இதனோடு சேர்ந்ததே. ‘ஷிமானாமி தசோகாரே’யில் உத்சுமி என்னும் திருநம்பியைத் தான் முற்றிலும் புரிந்துகொண்டுவிட்டதாக நம்பும் பழைய தோழி, ஆதரவின் பெயராலேயே அவருடைய எல்லைக்குள் புகுந்துகொண்டிருக்கிறாள். கதையில் எவரையும்விட அவளே என்னை எரிச்சலூட்டினாள்.

இனித் தமிழ். 2022இல் தமிழ்நாடு அரசு, சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாக, இத்துறைக்கான மதிப்புமிக்க சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்ட பிறகு, ஆட்களைக் குறிக்கும் பெயர்களில் ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. வினைகளில்தான் இன்னும் குழப்பம். ‘வெளியே வருதல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்கள் உண்டு. ‘அவர் போன மாசம்தான் வெளியே வந்தார்’ என்று தமிழரிடம் சொன்னால், எந்தச் சிறையிலிருந்து என்று கேட்பார்கள். ‘வெளிவருதல்’ புத்தகத்துக்கும் திரைப்படத்துக்கும் ஆனது. ‘தன்னிலை விளக்கம்’ என்பதை அலுவலகங்கள் தவறு செய்ததாகக் கருதப்படுபவரிடம் எழுதி வாங்குகின்றன. செய்தித்தாள்கள் கைகூசாமல் எழுதும் ‘தான் தன்பாலீர்ப்பாளர் என ஒப்புக்கொண்டார்’ என்பது இவை எல்லாவற்றிலும் மோசமானது. ஒப்புக்கொள்வதற்கு முன்னால் குற்றச்சாட்டு ஒன்று இருந்தாக வேண்டும். அந்த ஒரு வினை, படிப்பவரை நீதிபதியின் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறது.

பழந்தமிழில் இதற்குச் சொல்லே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மிக நெருங்கிய ஒன்று இருக்கிறது. மறைவாக வளர்ந்த காதலை வீட்டாருக்குத் தெரிவிப்பதை அகத்திணை மரபு ‘அறத்தொடு நிற்றல்’ என்கிறது. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் சொல்ல, நற்றாய் வழியாகத் தந்தைக்கும் தமையன்மாருக்கும் செய்தி போகும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இந்த ஒரு துறையிலேயே 261 அடிகளுக்கு நடக்கிறது. மகளின் மெலிவைக் கண்டு வருந்தும் தாய், அறிந்தவர்களிடம் கேட்டும் தெய்வங்களை வழிபட்டும் பார்க்கிறாள். காதலை நோயென்று எண்ணி மருந்து தேடுகிறாள். அப்போது தோழி ‘அன்னாய் வாழி வேண்டு அன்னை’ என்று தொடங்கி உண்மையைச் சொல்கிறாள். மகனின் பாலீர்ப்பை நோயென்று கருதிப் பூசாரியையும் மருத்துவரையும் தேடும் பெற்றோரை அறிந்தவர்கள் இந்த அடிகளைப் படித்தால் ஒரு கணம் நின்றுவிடுவார்கள்.

இன்னும் வியப்பு, எதிர்ச்சொல்லும் அதே மரபில் இருப்பதுதான். சொல்ல உரியவர் சொல்லுமுன் ஊரார் பேசத் தொடங்கினால், அது வாய்க்குள் முணுமுணுப்பாக இருக்கும்வரை அம்பல். இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே இது என்று வெளிப்படப் பேசினால் அலர். ஒன்று மொட்டு, மற்றது மலர்ந்தது. தாசுக்குவின் வகுப்பில் முதல் நாள் நடந்தது அம்பல். அது அலராகிவிடுமோ என்பதே அவன் அச்சம். ஆயினும் ‘அறத்தொடு நிற்றல்’ என்பதை ‘கமிங் அவுட்’டுக்கு அப்படியே எடுத்து வைக்க என்னால் இயலவில்லை. அது ஒரு தலைவன்மேல் வைத்த காதலைச் சொல்வது, மணத்தில் முடிவது. நிதோரிக்குச் சொல்வதற்குக் காதலன் யாரும் தேவையில்லை. தன்னைச் சொன்னால் போதும். ஜப்பானியர் ‘கொக்குஹாக்கு’வை விட்டுவிட்டுக் கடன்சொல் தேடியதும் இதே இடைவெளியால்தான் என்று கருதுகிறேன்.

சொல்லில் கிடைக்காதது தமிழில் இலக்கணத்தில் கிடைக்கிறது. ‘வெளிப்படுத்து’ என்ற வினையை மட்டும் வைத்தால், யார் வேண்டுமானாலும் யாரையும் வெளிப்படுத்தலாம். அதனோடு ‘கொள்’ என்ற துணைவினை சேர்ந்ததும் செயல் செய்தவரிடமே திரும்பி வருகிறது: ‘தன்னை வெளிப்படுத்திக்கொண்டாள்’. ‘விடு’ சேர்ந்தால், இனி மீட்க முடியாதபடி நடந்து முடிந்துவிட்டது என்ற தொனி வருகிறது: ‘அவளை வெளிப்படுத்திவிட்டார்கள்’. ஜப்பானிய மொழி இரண்டு கடன்சொற்களால் காட்டும் வேறுபாடு தமிழில் இரண்டு துணைவினைகளில் இருக்கிறது. தம்மையே மனத்தால் ஒப்பும் நிலைக்கு நாம் சொல்லும் ‘ஏற்றுக்கொள்ளுதல்’ என்பதிலும் அதே ‘கொள்’ இருப்பதைக் கவனிக்கலாம். தாசுக்குவுக்கும் சோராவுக்கும் வெளிப்படுத்திக்கொள்வதைவிட நாள் பிடிப்பது இதுதான். பெயர்ச்சொல்லாக வேண்டுமிடத்தில், கட்டுரையிலும் சட்ட உரையிலும் ‘தன்வெளிப்படுத்தல்’ என்று எழுதலாம். ‘தன்வெளிப்பாடு’ வேண்டாம், அதைக் கலைத்துறையினர் வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘அவுத்திங்கு’வுக்கு ‘இசைவின்றி வெளிப்படுத்துதல்’ என்பது நீளமானாலும் சரியானது. ‘அம்பலப்படுத்துதல்’ ஊழலுக்கும் மோசடிக்கும் பழகிப்போன சொல்லாகையால், பாதிக்கப்பட்டவர்மேலேயே கறை படிய வைக்கும்.

மங்காவின் பேச்சுக் குமிழிக்குள் இவற்றில் எதுவும் பொருந்தாது. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக ஓடுவதால் குமிழிகள் ஒடுங்கி உயரமாக இருக்கும். ‘தன்வெளிப்படுத்தல்’ என்று எழுதினால் மூன்று இடத்தில் உடைக்க வேண்டும். உடைக்காமல் பொருந்தினாலும், பதினாறு வயதுப் பையன் அப்படிப் பேசமாட்டான். தமிழில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கேட்பது ‘வீட்டுல சொல்லிட்டியா?’ என்பதுதான். எதை என்று கேட்பவர் சொல்வதில்லை. கேட்கப்படுபவரும் விளக்கம் கேட்பதில்லை. சோராவின் குமிழிக்குள் நான் எழுதுவதாக இருந்தால், ‘இன்னும் சொல்லல’ என்று இரண்டு வரியாக உடைத்து, சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு எழுதுவேன்.