தண்ணீரில் நின்றும் தாகத்தில் வாடும் ரோஸ்மேரி

தலைமுடிக்கு எண்ணெய் காய்ச்சலாம் என்று ஊட்டியிலிருந்து ஒரு ரோஸ்மேரிச் செடி வாங்கி வந்து மொட்டைமாடியில் வைத்திருக்கிறார் வாசகி ஒருவர். துளசிக்கு ஊற்றுவது போலக் காலையும் மாலையும் தண்ணீர். மூன்றாவது வாரம் கொழுந்து துவண்டது. போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அடியிலிருந்து இலை பழுப்பேறிக் கொட்டத் தொடங்கிவிட்டது. "தூரமான நாளில் செடியைத் தொட்டிருப்பாய்" என்று வீட்டில் சொல்கிறார்களாம். உண்மையா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

உண்மையில்லை. செடி வாடியதற்குக் காரணம் தொட்டியின் அடியில் இருக்கிறது.

ரோஸ்மேரியும் துளசிக் குடும்பம்தான். இலையைக் கசக்கினால் மணப்பதும் ஒரே காரணத்தால்: இலைமேல் உள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உடைகின்றன. ஆனால் பிறந்த இடம் வேறு. மத்தியதரைக் கடலோரத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில், கல்லிடுக்கில் வளர்கிற புதர் இது. அங்கே மழை குளிர்காலத்தில். கோடை முழுக்க வறட்சி. அதற்கேற்ப இலை ஊசிபோல் ஒடுங்கி, ஓரங்கள் கீழ்ப்பக்கம் சுருண்டிருக்கும். இலைத்துளைகள் அடிப்பக்கத்து வெள்ளை ரோமங்களுக்குள் ஒளிந்திருப்பதால், காற்று அடித்தாலும் ஈரம் எளிதில் போகாது. வறட்சியைத் தாங்குகிற செடி. சேற்றை மட்டும் தாங்காது.

சரி, தண்ணீர் அதிகமானால் அழுகலாம். ஏன் வாட வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வேரும் மூச்சு விடுகிறது. மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கிறது. அந்த இடைவெளியில் தண்ணீர் நின்றுவிட்டால், ஆக்சிஜன் வந்து சேரும் வேகம் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைந்துவிடும். மூச்சு முட்டிய வேர்ச்செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது.

செல்லின் சவ்வில் தண்ணீருக்கென்றே தனி வாசல்கள் உண்டு. அக்வாபோரின் என்ற புரதங்கள். இவற்றைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரே செடிகளை ஆராய்ந்தவரே அல்ல. ரத்த வகையை பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கிற ஆர்எச் புரதத்தைச் சிவப்பணுக்களில் தேடிக்கொண்டிருந்தார். கூடவே வேறொரு சிறிய புரதம் ஒட்டிக்கொண்டு வந்தது. அது என்ன செய்கிறது என்று பார்க்க, அவருடைய குழுவினர் தவளை முட்டைகளை அந்தப் புரதத்தைத் தயாரிக்க வைத்தார்கள். சாதாரணத் தவளை முட்டை தண்ணீரில் பேசாமல் கிடக்கும். இந்த முட்டைகளோ சில நிமிடங்களில் ஊதி வெடித்தன! இது நடந்தது 1992இல். ஒரு வாசல் வழியாக வினாடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகின்றன.

2003இல் ஆக்ரேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் பிரான்ஸின் மோன்பெலியே நகர ஆய்வாளர்கள், வேரிலுள்ள இந்த வாசல்கள் எப்படி மூடிக்கொள்கின்றன என்று காட்டினார்கள். புரதத்தில் ஹிஸ்டிடின் என்ற ஒரே ஓர் அமினோ அமிலம் காவல் நிற்கிறது. செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறியதும் அது ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொள்கிறது, வாசல் அடைபடுகிறது. அவர்கள் சோதித்தது அராபிடாப்சிஸ் என்ற சிறுசெடியில். ஆனால் இந்த ஹிஸ்டிடின் இதே வகை அக்வாபோரின்களில் பல தாவரங்களிலும் உண்டு. மேலே இலை நீரை இழந்துகொண்டே இருக்க, கீழே வேர் நீரில் மூழ்கியும் உறிஞ்ச முடியாமல் தவிக்கிறது. மோன்பெலியேயைச் சுற்றியுள்ள குன்றுகளில் ரோஸ்மேரி காடாக மண்டிக் கிடக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி.

ரத்தத்தில் தொடங்கிய ஒரு தேடல் மாடித்தோட்டத்துக்குப் பதில் சொல்கிறது. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சியின் நிதியை வெட்டுவது பெரிய தவறு என்று நான் நினைப்பது இதனால்தான்.

தீட்டு விஷயத்தில் படித்தவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். பேலா ஷிக் என்ற வியன்னா மருத்துவர், மாதவிடாயில் இருந்த பணிப்பெண் கையாண்ட பூக்கள் வாடியதைப் பார்த்து, 1920இல் மாதவிடாய் நஞ்சு என்று ஒன்று இருப்பதாக எழுதினார். அப்படியொரு நஞ்சை யாரும் பிரித்தெடுத்துக் காட்டவில்லை. இந்த நம்பிக்கை பெண்ணைக் குற்றவாளி ஆக்குகிறது. உண்மைக் காரணத்தையும் மறைத்துவிடுவதால், பழி சுமந்த அதே கை மறுநாளும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்.

இனி செய்ய வேண்டியது. தொட்டிக்கு அடியிலுள்ள தட்டை எடுத்துவிடுங்கள். நர்சரிக் கலவையில் தென்னை நார்த்தூள் அதிகம் இருந்தால் ஈரம் தேங்கும்; செம்மண்ணோடு பருமணலும் பொடிச் சல்லியும் தாராளமாகக் கலந்து, ஓட்டையுள்ள மண்தொட்டிக்கு மாற்றுங்கள். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நன்றாக ஊற்றுங்கள். ஆறு மணி நேர வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரைக்குக் கீழே நகர்த்திவிடுங்கள். வெட்டும்போது பச்சைத் தண்டோடு நிறுத்துங்கள். இலையற்ற பழைய கட்டையில் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது.

வேர் கறுத்துக் குழைந்திருந்தால் அந்தச் செடி தேறுவது கடினம். இன்னும் பச்சையாக இருக்கும் நுனியில் நான்கு அங்குலம் வெட்டி, அடி இலைகளை உருவிவிட்டு, ஈரமணலில் நட்டு நிழலில் வையுங்கள். சில வாரங்களில் வேர் பிடிக்கும். மாதத்தில் எந்த நாளிலும் நடலாம்.