எந்தப் பக்கம் பிரண்டது?

திருகோணமலையில் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு, விளையாடுகிற பிள்ளைகளிடமிருந்து வருகிற முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான்: "சேர், நரம்பு பிரண்டுட்டு." கணுக்கால் வீங்கினாலும் நரம்பு, தொடை பிடித்தாலும் நரம்பு, தோள் வலித்தாலும் நரம்பு. பாவம், நரம்பு செய்தி கொண்டுபோகிற வயர் மட்டும்தான். எலும்பையும் எலும்பையும் கட்டியிருப்பது லிகமென்ட், தசையை எலும்போடு பொருத்தியிருப்பது டெண்டன். மைதானத்தில் இழுபடுவதும் கிழிவதும் பெரும்பாலும் இந்த இரண்டும் தசையும்தான். உணர்வில்லாத விறைப்போ, கரண்ட் அடிக்கிற மாதிரி வலியோ இருந்தால் நரம்பைச் சந்தேகிக்கலாம்.

உப்புவெளிக் கடற்கரையில் பந்தடித்த ஒரு தம்பியை அம்மா கூட்டிவந்தா. "எண்ணெய் போட்டு நல்லா உருவினனான் சேர், இன்னும் வீங்குது." உருவினால் வீங்கத்தானே செய்யும், புதுக் காயம். பாதம் எந்தப் பக்கம் மடங்கியது என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுச் செய்து காட்டினான்: உள்ளங்கால் உள்பக்கம் பார்க்கத் திரும்பியது. அப்படி மடங்கினால் இழுபடுவது வெளிப்பக்க லிகமென்ட்கள். அதிலும் வெளிக்கணுவிலிருந்து முன்னோக்கிப் போகிறதுதான் அநேகமாக முதலில் அடிபடும். அந்த இடத்தில் விரலை வைத்ததும் காலை இழுத்துக்கொண்டான். கணு எலும்புகளின் பின்விளிம்பையும் நுனியையும் அழுத்தினேன், வலியில்லை. பாத எலும்புகளிலும் இல்லை, நாலு அடி நடந்தும் காட்டினான். சரி, எக்ஸ்ரே தேவையில்லை. ஒட்டாவா விதி என்று 1992இல் கனடாவில் வந்த பரிசோதனை இதுதான், எண்ணெய்ப் போத்தலை எடுக்க முதல் யாரும் பார்க்கலாம்.

உள்ளே, வெளியே என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. உடற்கூற்றில் கணக்கு, ஆள் நேரே நின்று உள்ளங்கையை முன்னால் காட்டுகிற நிலைதான். அப்போது பெருவிரல் வெளிப்பக்கம், சின்னவிரல் உள்பக்கம். இடது வலது எப்போதும் காயப்பட்டவருடையது, எதிரே நிற்கிற உங்களுடையது இல்லை. போனில் பேசும்போது இதில் எத்தனை தரம் மாறியிருக்கிறது தெரியுமா!

முழங்காலுக்கும் இதே கேள்விதான். வெளியிலிருந்து அடிபட்டு முழங்கால் உள்நோக்கிச் சாய்ந்தால் உள்பக்க லிகமென்ட். நெட்போலில் பாய்ந்து இறங்கி, பாதம் நிலத்தில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பி, "டொப்" என்று சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் முழங்கால் உருண்டு வீங்கினால் உள்ளே இருக்கிற முன் குறுக்கு லிகமென்டைச் சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. தோள் விலகுவது பெரும்பாலும் முன்பக்கமாக, கை உயர்ந்து வெளியே சுழன்ற நிலையில். அதை மைதானத்தில் வைத்து இழுத்துப் போடுகிற வீரர்களை நினைத்தால் எனக்குத்தான் வலிக்கிறது. கையைத் துணியால் கழுத்தோடு தொங்கக் கட்டிக் கொண்டுவாருங்கள், போதும்.

ஒரு பயிற்றுவிப்பாளர் இப்போதெல்லாம் இப்படி மெசேஜ் போடுகிறார்: "வலது பாதம், உள்ளே மடங்கினது, வெளிக்கணுவுக்கு முன்னால வீக்கம், நாலு அடி நடக்கிறான்." நான் பதில் போட்டேன்: "ஐஸ், கட்டு, கால் உயரத்தில. உருவ வேண்டாம். காலையில் கூட்டிவாங்கோ."